கர்ப்பகாலச் சர்க்கரையும் ராத்திரித் தூக்கமும்: டாக்டர் பதில்கள்

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது. குளுக்கோஸ் குடித்துப் பார்த்ததில் 152 வந்தது. அன்றிலிருந்து இனிப்பைத் தொடுவதில்லை. வீட்டு விசேஷத்தில் கவுனியரிசி வைத்தார்கள், அதையும் ஒதுக்கிவிட்டேன். ராத்திரி இரண்டு இட்லியோடு சரி. ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் 98, 101 என்றுதான் காட்டுகிறது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவர் டியூட்டி முடிந்து கூப்பிடும்போது நமக்கு மணி பன்னிரண்டரை. எங்களுடையது பழைய பெரிய வீடு, பாத்ரூம் பின்கட்டில். ராத்திரி நாலு தடவையாவது எழுந்து போகிறேன். ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க எழுந்துவிடுவேன். பகலில் படுத்தால் சர்க்கரை ஏறும் என்கிறார் அத்தை. நான் எங்கே தப்பு செய்கிறேன்?
*பெயர் வேண்டாம், பள்ளத்தூர்*

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை முழுதாக வேலை செய்ய விடாது. மாதம் ஏற ஏற அது கூடும். கணையம் அதற்கு ஈடுகொடுக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. இனிப்பே பிடிக்காத பெண்களுக்கும் வரும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறோம். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யக்கூடிய இந்த எளிய சோதனையை நம் நாட்டில் பரப்பியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் சாப்பாட்டை விட மணிக்கணக்குதான் என்னைக் கவலைப்பட வைத்தது. பன்னிரண்டரைக்குப் பேச ஆரம்பித்து, ஒன்றரைக்குப் படுத்தால்கூட, நாலு தடவை எழுந்து, ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறீர்கள். நடுவில் மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். தூக்கம் கெட்டால் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும், இன்சுலின் இன்னும் சோர்ந்துபோகும். ராத்திரி நேரத்தில் கல்லீரல் ரத்தத்தில் விடும் சர்க்கரையை அடக்க ஆள் போதாது. ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. என்னிடம் வரும் பெண்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்ட கையோடு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்றும் கேட்பேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை.

முதலில் போன் நேரத்தை மாற்றுங்கள். துபாயில் மதியம் ஒரு மணி என்றால் இங்கே இரண்டரை. அவருடைய சாப்பாட்டு இடைவேளையில் பேசுங்கள். பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்று அவரிடமே சொல்லுங்கள், நிச்சயம் புரிந்துகொள்வார். வாசல் தெளிப்பதைப் பிரசவம் வரைக்கும் வேறு யாராவது பார்க்கட்டும். இதை உங்கள் அத்தைக்கே நேராகச் சொல்கிறேன்: அம்மா, மருமகள் ஆறரை வரை தூங்குவதும் அவள் வைத்தியத்தில் சேர்ந்தது. பகலில் அரை மணி, முக்கால் மணி படுத்தால் ஒன்றும் ஆகாது. மதியம் முழுக்கத் தூங்கினால்தான் ராத்திரித் தூக்கம் கெடும்.

அப்புறம் அந்தப் பின்கட்டு. இருட்டில் பட்டாலை, வளவு முற்றம் எல்லாம் தாண்டிப் போய் வருவதற்குள் தூக்கம் முழுதாகக் கலைந்துவிடும். திரும்பி வரும்போது ஈரக்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நடப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பின்கட்டுக்குப் பக்கத்து அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொள்ளுங்கள், வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தண்ணீரைப் பகலில் நிறையக் குடித்துவிட்டு, படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அதிகமாக இருந்தாலும் சிறுநீர் அடிக்கடி வரும். எரிச்சல் இருந்தால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள். இட்லியோடு பருப்பு நிறைந்த சாம்பார், ஒரு முட்டை, காய் என்று சேருங்கள். சாப்பிட்டதும் வளவைச் சுற்றிக் கால் மணி நேரம் நடங்கள். படுக்கும் முன் பசித்தால் சர்க்கரை போடாத பால் அரை டம்ளரோ, பாசிப்பயற்றுச் சுண்டல் ஒரு கைப்பிடியோ போதும்.

ஒன்று மட்டும் முக்கியம். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே இருக்க வேண்டும். தூக்கத்தைச் சரிசெய்தால் தானாக இறங்கிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். குறித்து வைத்த எண்களோடு இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் எழுதினால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அது கெடுதல் செய்யாது. ஏறிக் கிடக்கும் சர்க்கரைதான் கெடுதல் செய்யும்.

கேள்வி: மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறோம், எட்டாம் மாதம். சர்க்கரை இருக்கிறது. புரண்டு படுத்தால் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது புதிதாகக் குறட்டையும் விடுகிறாள். அசதிதானே?
*ஒரு தாய், தேவகோட்டை*

பதில்: ஆச்சி, பாசத்தில்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அம்மா புரள்வதால் தொப்புள்கொடி சுற்றாது. பிள்ளை உள்ளே தானாக அசையும்போதுதான் சுற்றுகிறது. பெரும்பாலும் அதனால் ஆபத்தும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார வைத்தால் அவள் எப்படித் தூங்குவாள்? படுத்தபடியே திரும்பட்டும். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுப்பதுதான் பிள்ளைக்கு நல்லது. இடமோ வலமோ, எதுவானாலும் சரி. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அணைவாக ஒரு பழைய சேலையை மடித்து வைக்கலாம். நடுவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

குறட்டையை அசதி என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் மூக்கடைப்பால் லேசாக வருவது உண்டு. ஆனால் தினமும் சத்தமாக விடுகிறாளா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாளா, காலையில் தலைவலி என்கிறாளா, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுகிறாளா என்று கவனியுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் பெண்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுதலாக வருகின்றன. அடுத்த செக்கப்பில் பி.பி. பார்க்கும்போது இதை நீங்களே சொல்லுங்கள். தன் குறட்டை அவளுக்குத் தெரியாது, பக்கத்தில் படுக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து விழிக்கிறேன். கெட்ட கனவா?
*காரைக்குடி வாசகி*

பதில்: சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் முதலில் குடித்துவிடுங்கள். காலையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக ஊசியை நிறுத்த வேண்டாம். குளுக்கோஸ் டப்பா தலைமாட்டில் இருக்கட்டும்.

கேள்வி: படுத்தாலே கால் குடைகிறது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. தூக்க மாத்திரை போடலாமா?
*புதுவயல் வாசகி*

பதில்: மருந்துக்கடையில் கேட்டு எதுவும் வாங்கிப் போடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் இப்படி வருவது உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். மாலை நாலு மணிக்கு மேல் காபியே வேண்டாம்.

கேள்வி: பிரசவமாகி ஒரு மாதம். சர்க்கரை போய்விட்டது என்றார்கள். பிள்ளை ராத்திரி தூங்க விடுவதில்லை. இனி சோதனை வேண்டுமா?
*கோட்டையூர் வாசகி*

பதில்: கட்டாயம் வேண்டும். கர்ப்பத்தில் வந்து போனவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. பிள்ளை தூங்கும்போது நீங்களும் படுத்துவிடுங்கள், ராத்திரி பால் கொடுத்தபின் தட்டிக்கொடுத்துத் தூங்க வைப்பதை உங்கள் அம்மா பார்க்கட்டும். ஆறாவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருவீர்கள் அல்லவா, அன்றைக்கே வெறும் வயிற்றோடு வந்து உங்களுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு துணை வரட்டும்.