முதல் பாடத்தில் ஒரு கட்டை அவிழ்த்தால் போதும்

கேள்வி: தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மன்னார்குடி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. திங்கட்கிழமை முதன்முறையாக இரண்டாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் நடத்த வேண்டும். 32 பிள்ளைகள். வகுப்பு டீச்சர் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார். கை நடுங்குகிறது. எப்படித் தயாராவது?

பதில்: பாடக்குறிப்பில் நிறைய எழுதி வைத்திருப்பீர்கள். அதில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். 42-இல் 17 போக எவ்வளவு? அந்த ஒரு பீரியடுக்கு இந்த ஒரே கணக்கு போதும்.

பல பிள்ளைகள் இதற்கு 35 என்று எழுதுவார்கள். 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்துவிடுவார்கள். இது கவனக்குறைவு இல்லை. 42 என்பதை அவர்கள் ஒரு 4, ஒரு 2 என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அந்த 4 நான்கு பத்துகள் என்று கண்ணால் பார்க்காத பிள்ளையிடம், 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

உங்கள் ஊரில் இதற்கு அருமையான வழி இருக்கிறது. நாற்றுமுடி, அதாவது நடுவதற்காகக் கட்டி வைக்கும் நெல் நாற்றுக் கட்டு, பார்க்காத பிள்ளை அங்கே இருக்காது. தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பத்துப் பத்தாக வாழைநாரில் கட்டுங்கள். நுனிப் பக்கம் வேண்டாம், கண்ணில் குத்தும். நான்கு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு நான்கு கட்டு, இரண்டு உதிரி. மொத்தம் 336 குச்சி, ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். 'ஏழு குச்சி எடுங்கள்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டுதான் இருக்கும், முழிப்பார்கள். அந்த அரை நிமிட அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். யாராவது ஒரு பிள்ளை, 'டீச்சர், கட்டை அவிழ்த்துடலாமா?' என்று கேட்கும். கேட்காவிட்டால், 'வயலில் நாற்றுமுடியை என்ன செய்துவிட்டு நடுவார்கள்?' என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்த பிறகுதான் குச்சியைக் கையில் கொடுக்க வேண்டும். நான் முதல் நாள் முதலிலேயே கொடுத்துவிட்டேன். அப்புறம் நான் சொன்ன ஒரு வார்த்தையும் அவர்கள் காதில் விழவில்லை. சத்தம் கூடினால் நீங்களும் கத்தாதீர்கள். மூன்று முறை கை தட்டுங்கள், அவர்களும் திருப்பித் தட்டட்டும்.

பின்னால் உட்காரும் டீச்சரிடம் வெள்ளிக்கிழமையே போய், யார் யார் எண்ணவே திணறுகிறார்கள் என்று பெயரோடு கேட்டு வாருங்கள். அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று, அவர்கள் விரல் எந்தக் குச்சிக்குப் போகிறது என்று பாருங்கள். விடை சரியாக வந்தாலும், 'எப்படிடா கண்ணு செஞ்சே?' என்று கேளுங்கள்.

17 குச்சியும் எடுத்த பிறகு மிச்சம் 25 இருக்கும். அதற்குள் மணி அடித்துவிட்டால் பரவாயில்லை. கரும்பலகையில் எழுதிக் கழிப்பதைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.