கேள்வி–பதில்: தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரும் கனடாப் பனியும்

கேள்வி: ஜூலையில் டொயோட்டா ஜிஆர்86 வாங்கினேன். மேனுவல் கியர், 18 அங்குல வீல். வேறு வண்டி இல்லை. "பின்வீல் டிரைவ், அதிலும் தரையோடு தரையாகக் கிடக்கிறது. குளிருக்கு முன்னால் விற்றுவிட்டு ஏடபிள்யூடி எடு" என்கிறார் மாமா. பனியில் இதை ஓட்டவே முடியாதா? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: ஓட்டலாம், விற்க வேண்டாம். ஏடபிள்யூடி, அதாவது நாலு வீலுக்கும் விசை போகும் வண்டி, பனியில் சுலபமாகக் கிளம்பும். நிற்பதும் திரும்புவதும் டயரின் கையில்தான் இருக்கிறது. நல்ல வின்டர் டயர் போட்ட உங்கள் கார், கோடை டயரோடு வரும் ஏடபிள்யூடி வண்டியைவிட முன்னதாக நிற்கும்.

உங்கள் 18 அங்குல வீலோடு வந்தது கோடை டயர். 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். கடுங்குளிரில் ரோடு காய்ந்து கிடந்தாலும் அது பிடிக்காது. உறைந்த டயரை அப்படியே உருட்டினால் ரப்பரில் வெடிப்பு விழவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதல் ஸ்நோவுக்குக் காத்திருக்காமல் அக்டோபர் கடைசியிலேயே மாற்றிவிடுங்கள்.

215/45 ஆர்17 வாங்குங்கள். இதே காரின் அடிப்படை மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு அது. இப்போதுள்ள 215/40 ஆர்18-ஐவிட விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர்தான் குறைவு, ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் தெரியாது. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் மார்ச் மாதக் குழிகளில் ரிம் தப்பும். டயரின் பக்கத்தில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ முத்திரை இருக்க வேண்டும், 'எம்+எஸ்' (சேறு, பனி) எழுத்து மட்டும் போதாது. பழைய டயர் வாங்கினால் ட்ரெட் (டயர்ப் பள்ளத்தின் ஆழம்) 4 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். வீல் 5x100 துளை அமைப்பு, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து துளை. நட்டை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

பின்வீலுக்கு மட்டும் இரண்டு போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிளம்பும்போது நன்றாக இருக்கும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் நேராகப் போகும். நாலும் மாற்ற வேண்டும்.

காற்றையும் கவனியுங்கள். 5, 6 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி கராஜில் அடித்த காற்று வெளியே −15-இல் 6 பிஎஸ்ஐ வரை குறைந்திருக்கும். ஒன்டாரியோவில் வின்டர் டயருக்குக் காப்பீட்டில் தள்ளுபடி தந்தாக வேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் விதி, ரசீதைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: அதே கார்தான். சிக்னலில் கிளம்பும்போது வால் ரோட்டோரமாக வழுக்குகிறது. போன வாரம் இறக்கத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கியதும் பின்பக்கம் சுழன்றுவிட்டது. பிரேக்கைத் தொடவே இல்லை. என்ன காரணம்? (வாசகர், ஒட்டாவா)

பதில்: பிரேக்கைத் தொடாவிட்டாலும் பின்வீலுக்கு பிரேக் விழுந்திருக்கிறது. கியரை இறக்கி கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், மெதுவாகச் சுற்றும் எஞ்சினை வேகமாகச் சுற்ற வைக்கும் வேலை முழுவதும் இரண்டு பின்டயர்கள் தலையில் விழும். காய்ந்த ரோட்டில் ஒரு குலுக்கலோடு போகும். ஐஸில் பின்வீல் பிடிப்பை விட்டுவிடும், ஓடும்போது கைபிரேக்கை இழுத்தது போலத்தான். இறக்கம் தொடங்கும் முன்பே, நேர் ரோட்டில், வேகம் குறைந்த பிறகு கியரை இறக்குங்கள். இறக்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாகத் தட்டி ஆர்பிஎம்மைச் சேர்த்துவிட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள்.

வால் போகத் தொடங்கினால் முதல் வேலை கிளட்ச்சை மிதிப்பது. எஞ்சின் இழுவை அறுந்ததும் பின்டயர் தானாகச் சுற்றிப் பிடிப்பைத் தேடிக்கொள்ளும். பிரேக் வேண்டாம். போக வேண்டிய இடத்தைப் பார்த்து, வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பலர் அதுவரை சரியாகச் செய்துவிட்டு, வண்டி நேரானதும் ஸ்டியரிங்கைத் திருப்பி எடுக்கத் தாமதிப்பார்கள். உடனே வண்டி எதிர்ப்பக்கம் சாட்டை போல அடிக்கும், முதல் சறுக்கலைவிட இதுதான் மோசம்.

சிக்னல் விஷயம் வேறு. உங்கள் காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு வீல் சுற்றும், மற்றது ஊன்றி நிற்கும். இதில் இரண்டும் சேர்ந்தே சுற்றுவதால் வாலைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால் வால் ஓரத்துக்கு இறங்குகிறது. இரண்டாம் கியரில், 1,500 ஆர்பிஎம்முக்கு மேல் போகாமல், கிளட்ச்சிலேயே கிளப்புங்கள்.

கேள்வி: கியூபெக் சட்டப்படி டிசம்பர் 1-க்கு முன்பே வின்டர் டயர் மாட்டிவிட்டேன். டிக்கியில் மணல் மூட்டையும் போட வேண்டுமா? (வாசகர், மொன்றியல்)

பதில்: நல்ல டயர் இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. போட்டால் 20 கிலோ மூட்டை இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து வாரால் கட்டுங்கள். டிக்கியின் பின்கோடியில் வைத்தால் முன்வீலின் பாரம் குறையும், சறுக்கும்போது ஊசல் குண்டு போல வாலை இழுக்கும். சிக்கிக்கொண்டால் அதே மணலை வீலுக்கு முன்னால் தூவலாம்.

கேள்வி: என்னிடமும் ஜிஆர்86தான். எவ்வளவு ஸ்நோ வரை வண்டியை எடுக்கலாம்? (வாசகர், பிராம்ப்டன்)

பதில்: மாமாக்கள் சொல்வது நியாயமாகும் இடம் இதுதான். உங்கள் காருக்கும் தரைக்கும் இடைவெளி சுமார் 13 சென்டிமீட்டர். புதிதாக விழுந்த பஞ்சுப் பனியில் 10 சென்டிமீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் பம்பரே மண்வெட்டி ஆகிவிடும். பனி அடியில் இறுகி வண்டியையே தூக்கிவிடும், அப்புறம் எந்த டயரும் உதவாது. அந்த நாள் பஸ்ஸில் போங்கள்.

மாநகராட்சி வண்டி வழித்துவிட்டுப் போன பிறகு டிரைவ்வே வாயில் கிடக்கும் பனி வரம்பு இன்னும் ஆபத்தானது. பார்க்க மென்மையாக இருக்கும், உள்ளே ஐஸ் கட்டிகள் இருக்கும். வேகமாக ஏற்றித் தாண்டினால் அடித்தட்டு பிளாஸ்டிக் கிளிப்போடு பிய்ந்து தொங்கும். இறங்கி அள்ளுங்கள்.

சிக்கிக்கொண்டால் ட்ராக்ஷன் கன்ட்ரோலை அணையுங்கள், அது விசையை வெட்டி வண்டியை நகர விடாது. முதல் கியர், ரிவர்ஸ் என்று முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி எடுங்கள். ஒரு வீலுக்குப் பிடிப்பே இல்லாமல் அது மட்டும் வெறுமனே சுற்றினால் கைபிரேக்கை இரண்டு கிளிக் இழுங்கள், மற்ற வீலுக்கும் விசை போகும். வெளியே வந்ததும் கைபிரேக்கை இறக்கி, ட்ராக்ஷன் கன்ட்ரோலைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

கேள்வி: ஸ்நோவில் ஓட்டிய மறுநாள் ஹைவேயில் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. அலைன்மென்ட் போய்விட்டதா? (வாசகர், மார்க்கம்)

பதில்: காசு கொடுக்கும் முன் வீலின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ரிம்முக்குள் அடைந்த பனி இரவில் ஒரு பக்கமாக உறைந்து பாலன்ஸைக் கெடுத்திருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டி எடுங்கள், அல்லது கார்வாஷில் வெந்நீர் அடியுங்கள். அதற்குப் பிறகும் நடுங்கினால் கடைக்குப் போகலாம்.

கேள்வி: காலையில் கதவைத் திறந்தால் கண்ணாடி இறங்காமல் ரப்பரைப் பிய்க்கிறது. (வாசகர், மிசிசாகா)

பதில்: ஜிஆர்86-இல் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் இல்லாத கதவு என்பதால், திறக்கும்போது கண்ணாடி சற்று இறங்கி வழிவிட வேண்டும். உறைந்தால் இறங்காது. வலிந்து இழுக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட மறுபக்கக் கதவு வழியாக ஏறி, ஹீட்டரைப் போட்டு இளக வையுங்கள். கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு வைக்காதீர்கள், புகை விஷம்; கிளப்பியதும் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். ரப்பரைத் துடைத்து உலர்த்தி, மாதம் ஒரு முறை சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் இந்தத் தொல்லை குறையும். ஈரத்தோடு நிறுத்தும் இரவில் சமதரையில் கைபிரேக்கையும் இழுக்க வேண்டாம், அதுவும் உறைந்து பிடித்துக்கொள்ளும். முதல் கியரில் விட்டு வீலுக்கு அடைப்புக்கட்டை வையுங்கள்.