லங்காவிக்கு 3 நாள்: பணத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 38. பட்டர்வொர்த்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு மாதம் 2,400 ரிங்கிட் சம்பளம். கணவர் லோரி ஓட்டுகிறார்; அவருக்குச் சராசரியாக 2,800 ரிங்கிட் வரும். பிள்ளைகள் இருவருக்கும் வயது 9, 12. டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் 3 நாள் 2 இரவு தீவுக்குச் சென்றுவர விரும்புகிறோம். ஆமை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் பெர்ஹெந்தியானைக் கேட்கிறார்கள். எனக்கு லங்காவி போதும். லங்காவிக்கு நான் போட்ட கணக்கு: அறை 640, வாடகைக் கார் 3 நாளுக்கு 390, ஃபெரி 230, கேபிள் காரும் படகுச் சவாரியும் 360, சாப்பாடு 480, பெட்ரோல், டோல், வண்டி நிறுத்தக் கட்டணம் 150, இதர செலவு 150, ஆக மொத்தம் 2,400 ரிங்கிட். சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருக்கும் 1,500 ரிங்கிட்டை எடுத்து, மீதியை வங்கிச் சேமிப்பிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சம் கட்டு என்கிறாள் தங்கை. வேலையிடத்தில் 12 பேர் சேர்ந்து ஆளுக்கு மாதம் 200 ரிங்கிட் கூட்டுக் கட்டுகிறோம்; சேரும் மொத்தத்தை மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வார். ஜனவரியில் தொடங்கியது, ஆகஸ்டில் என் முறை. வங்கியில் 3,100 ரிங்கிட் இருக்கிறது. எந்தப் பணத்தைத் தொடலாம்?

பதில்: சகோதரி, பிள்ளைகளின் ஆசையை முதலில் ஒத்திவைத்துவிடுங்கள். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகிய தீவுகள் கிழக்குக் கரையில் இருப்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கும். பெரும்பாலான தங்குவிடுதிகள் மூடிவிடும், படகுச் சேவையும் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். டிசம்பருக்கு மலிவான பெர்ஹெந்தியான் சுற்றுலா என்று யாராவது முன்பணம் கேட்டால், அந்த மலிவே உங்களுக்கு எச்சரிக்கை. மேற்குக் கரையிலுள்ள லங்காவிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே வறண்ட பருவம். எனவே இடமும் காலமும் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள்.

கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதிச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 விழுக்காடு இரண்டாவது கணக்குக்கும், 10 விழுக்காடு மூன்றாவது கணக்குக்கும் செல்கிறது. மூன்றாவது கணக்கிலிருந்து குறைந்தது 50 ரிங்கிட் முதல் எந்நேரமும் எடுக்கலாம் என்று விதியே சொல்லும்போது, எடுப்பதில் தவறென்ன என்று அவர் கேட்பது இயல்புதான். ஆனால் அந்த 1,500 எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். உங்கள் பங்கு 11, முதலாளியின் பங்கு 13 என 24 விழுக்காடு, அதாவது 576 ரிங்கிட், மாதந்தோறும் கட்டப்படுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு சுமார் 58 ரிங்கிட். ஆகவே நீங்கள் 3 நாளில் செலவழிக்க நினைப்பது இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சேர்ந்த பணம். சேமநிதி 2023-இல் 5.50 விழுக்காடும் 2024-இல் 6.30 விழுக்காடும் ஈவுத்தொகை கொடுத்தது. குறைவான 5.5 விழுக்காட்டையே வைத்துக் கணக்கிட்டாலும், தொடாமல் விட்டால் உங்கள் 55 வயதில் அந்த 1,500 ஏறத்தாழ 3,700 ரிங்கிட்டாக நிற்கும். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு நான் இதைச் சொல்லிப் பயமுறுத்தமாட்டேன். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

தங்கையின் யோசனையை நான் சற்றும் ஏற்கவில்லை. நம் நாட்டில் கிரெடிட் கார்டு வட்டி, பணம் கட்டும் ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15, 17, 18 விழுக்காடு என மூன்று படிகளில் உள்ளது. 2,400 ரிங்கிட்டை 18 விழுக்காட்டில் வைத்து, மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் கட்டினால், 12 மாத முடிவில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 1,205 ரிங்கிட். கடனோ இன்னும் 1,550 ரிங்கிட் அளவில் நிற்கும். அடுத்த விடுமுறையே வந்துவிடும், இந்த விடுமுறையின் பாக்கி தீர்ந்திருக்காது.

வங்கியிலுள்ள 3,100 ரிங்கிட்டையும் தொட வேண்டாம். இருவரின் வருமானம் 5,200 என்னும்போது அது ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூட ஈடாகாது. கணவருக்கு முதுகு பிடித்து இரண்டு வாரம் வண்டி ஏற முடியாமல் போனால் வாடகைக்குக் கைகொடுக்கப்போவது அந்தப் பணம் ஒன்றுதான்.

மிஞ்சுவது கூட்டு. என்னைப் போன்ற ஆலோசகர்கள் கூட்டை ஆதரித்து எழுதுவது அபூர்வம். கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை இந்நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. நம்முடைய ‘கூட்டு’தான் மலாயில் ‘குத்து’ என்று வழங்குகிறது. அந்த மொழியில் அதே சொல்லுக்குப் பேன் என்றும் பொருள் உண்டு என்பது வேறு விஷயம். ஆனால் நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால், அதன் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்வதே இப்போது முக்கியம். ஆகஸ்டில் கைக்கு வரும் 2,400 ரிங்கிட்டில் 1,600 நீங்கள் எட்டு மாதம் கட்டியது. மீதி 800 மற்றவர்கள் உங்களுக்கு வட்டியில்லாமல் கொடுத்த கடன், அதைச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கட்டித் தீர்க்கப்போகிறீர்கள். டிசம்பர்த் தவணையைக் கட்டிவிட்டுக் கிளம்பினால், கடனே இல்லாமல் ஃபெரி ஏறுகிறீர்கள். நீங்கள் சொன்ன வழிகளில் வட்டியும் கேட்காமல், முதுமைக்கான பணத்தையும் தின்னாமல், அவசரக் கையிருப்பையும் குறைக்காமல் இருப்பது இது ஒன்றுதான்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, முன்னமே எடுத்துவிட்ட ஒருவர் வேலையை விட்டுப் போய்க் கட்டாமல் நின்றால் உங்கள் முறையில் தொகை குறையும். ஆகவே பணம் கைக்கு வரும்வரை, திரும்பப் பெற முடியாத எந்த முன்பதிவையும் செய்யாதீர்கள். இலவசமாக ரத்து செய்துகொள்ளும் வசதியுள்ள அறையை இப்போதே பிடித்து வைப்பதில் தவறில்லை. இரண்டாவது ஓட்டைக்குத் தீபாவளி என்று பெயர். ஆகஸ்டில் வந்த பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால், துணிமணி, பலகாரம், திறந்த இல்ல உபசரிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, டிசம்பரில் தங்கையின் கார்டைத்தான் தேட வேண்டியிருக்கும். மூன்று மாத நிரந்தர வைப்பில் போட்டுவிடுங்கள். அதில் வரும் வட்டி சில ரிங்கிட்தான். நமக்கு வேண்டியது அந்தப் பூட்டுதான். அமானா சஹாம் மலேசியா என்ற முதலீட்டு நிதியில் யூனிட் வாங்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். நம்மவர்களுக்கு அதில் யூனிட் கிடைப்பது பெரும்பாலும் குதிரைக் கொம்பு.

இனி உங்கள் 2,400 ரிங்கிட் கணக்குக்கு வருகிறேன். அதில் ஒரு பெரிய செலவை விட்டுவிட்டீர்கள். லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. அங்கே போய் வெறுங்கையுடன் திரும்பிய தமிழ்க் குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருமுறை குவா நகரக் கடையொன்றில் பணம் கட்ட நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற அம்மா தள்ளுவண்டி நிறையச் சாக்லேட்டும் கண்ணாடித் தட்டுகளும் வைத்திருந்தார். பணம் கட்டும் இடத்தை நெருங்கியதும் கணவரை வரிசையில் நிறுத்திவிட்டு ஓடிப்போய், இவற்றை வைத்துக் கொண்டுபோக ஒரு சக்கரப் பெட்டியையும் தூக்கிவந்தார். சாக்லேட்டில் மிச்சமான காசு பெட்டிக்குப் போயிற்று. ‘இதர செலவு 150’ என்ற உங்கள் வரியைப் படித்ததும் அந்தப் பெட்டிதான் என் கண்ணில் பட்டது.

எனவே மொத்தத்தை 2,400-லேயே நிறுத்தி, உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் நண்பகலில் இறங்கி மூன்றாம் நாள் நண்பகலில் திரும்புபவருக்குக் காரை 24 மணி நேரக் கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் இரண்டு நாள் வாடகைதான் ஆகும். நீங்கள் மூன்று நாளுக்குப் போட்டிருக்கிறீர்கள். அங்கேயே 130 ரிங்கிட் மிஞ்சும். வார இறுதியைத் தவிர்த்துத் திங்கள் முதல் புதன் வரை தங்கினால் அறை வாடகை வழக்கமாகக் குறையும். இரவுக்கு 50 குறைந்தாலும் 100 ரிங்கிட். இவற்றுடன் அந்த இதர செலவையும் சேர்த்தால் 380 ரிங்கிட் வரும். அதைக் கடைச் செலவு என்று பெயரிட்டு, ரொக்கமாகத் தனி உறையில் எடுத்துச் செல்லுங்கள். உறை காலியானால் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மாட் சின்சாங் மலை கேபிள் காருக்கு மலேசியர் கட்டணம் குறைவு என்பதால் அனைவரின் அடையாள அட்டையையும், இளைய பிள்ளையின் மைகிட் அட்டை உட்பட, மறவாமல் கொண்டு செல்லுங்கள். இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வெளிநாட்டவருக்கு மட்டுமே. உங்கள் பில்லில் அது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

வார நாளில் போகச் சொன்னேன். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. உங்களுக்கு வருடாந்தர விடுப்பு மீதமிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாமல் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால், 2,400-ஐ டிசம்பரின் 31 நாளால் வகுத்து நாளுக்குச் சுமார் 77 ரிங்கிட் வீதம், 3 நாளில் 232 ரிங்கிட் பறிபோகும். அறையில் மிச்சம் பிடித்த 100 அதில் கரைந்துவிடும். கணவருக்கு நடைக் கணக்கில் கூலி என்றால் அவருடைய இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுப்பு இல்லையென்றால் வார இறுதியை ஒட்டி ஒரு நாள் மட்டும் எடுத்துப் போவதே மலிவு, அறைக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும்கூட.

ஜனவரியையும் இப்போதே கணக்கில் வையுங்கள். பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குவதாலும், மூத்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வயதில் இருப்பதாலும், புதிய சீருடை, காலணி, பேருந்துக் கட்டணம் எல்லாம் விடுமுறை முடிந்த கையோடு வந்து நிற்கும். பள்ளித் தொடக்க உதவியாகப் பிள்ளைக்கு 150 ரிங்கிட் வழங்கப்படுகிறது; அது எல்லாவற்றுக்கும் போதாது. டிசம்பரில் கூட்டு முடிந்ததும் அடுத்த சுற்றுக்கு உடனே பெயர் கொடுத்துவிடாமல், ஜனவரியில் அந்த 200 ரிங்கிட்டைப் பள்ளிச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, பிப்ரவரிக்குப் பிறகு சேருவதைப் பற்றி யோசியுங்கள்.

அறைக்கோ காருக்கோ முன்பணம் அனுப்பும்போது, தனிநபர் பெயரிலுள்ள கணக்கு எண்ணைக் கொடுத்தால் அதை மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பார்த்த பிறகே அனுப்புங்கள். அனுப்பிய பிறகு ஏமாற்று என்று தெரிந்தால் மறுநாள்வரை காத்திராமல் உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க அந்த முதல் சில மணி நேரம்தான் இருக்கிறது.