வாசகர் கேள்வி-பதில்: போடோனியின் மெல்லிய கோடுகள்

கேள்வி: கல்யாண அழைப்பிதழில் ஆங்கில வரிகளுக்கு போடோனி எழுத்துரு வைத்தேன். அச்சில், கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளையாக விட்ட 8 பாயின்ட் முகவரியில் மெல்லிய கோடுகள் அறுந்து, எழுத்துகள் துண்டு துண்டாகத் தெரிகின்றன. அச்சகத்தின் தவறா?

பதில்: பெரும்பாலும் எழுத்துருத் தேர்வில்தான் சிக்கல். மேக் கணினியோடு வரும் ‘போடோனி 72’ என்றால், அது 72 பாயின்ட் தலைப்புக்காக வரைந்தது. இத்தாலியின் பார்மா நகரில் ஜியாம்பட்டிஸ்டா போடோனி (1740–1813) ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி எஃகு அச்சு வெட்டினார். 1994இல் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம் அந்த மூல அச்சுகளைப் பார்த்தே 6, 12, 72 என மூன்று வடிவங்களை வெளியிட்டது. சிறிய வடிவத்தில் மெல்லிய கோடு சற்றுத் தடித்திருக்கும், இடைவெளி தாராளமாக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மெல்லிய கோடு எழுத்தளவில் நூற்றில் இரண்டு பங்கு என்றால், 72 பாயின்டில் 1.44 பாயின்ட், 8 பாயின்டில் வெறும் 0.16. வெள்ளையாக விடும் கோட்டுக்கு ஆஃப்செட்டில் 0.5 பாயின்டாவது வேண்டும். அதிலும் கரும்பச்சையை சயான், மஞ்சள், கறுப்பு என்று கலந்து அடித்தால், ஒரு நிறத்தின் பிளேட் இம்மியளவு விலகினாலே மை கோட்டுக்குள் புகுந்துவிடும்.

போல்ட் ஆக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது! போடோனி போல்டில் தடித்த கோடுதான் இன்னும் பருக்கும். மெல்லியது ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

மறுபடி அடிப்பதானால் பெரிய பெயர்களை 72 வடிவத்திலேயே விடுங்கள், அங்கேதான் அதன் அழகு. முகவரியை 6 வடிவத்துக்கு மாற்றி, வெளிர் பின்னணியில் ஒரே கருமையான மையில், 9 அல்லது 10 பாயின்டில் அடியுங்கள். இலவசமாக வேண்டுமானால் கூகுள் ஃபான்ட்ஸில் போடோனி மோடா இருக்கிறது. அதில் வடிவத்தை 6 முதல் 96 வரை அளவுக்கேற்ப மாற்றலாம். திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். லேசர் பிரின்டரில் அசல் அளவில் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டிடோவும் போடோனியும் ஒன்றுதானா?

பதில்: ஒரே காலத்து உறவுக்காரர்கள். டிடோ, பாரிஸில் ஃபிர்மின் டிடோ வெட்டியது. இரண்டிலும் செரிஃப் (எழுத்தின் முனையில் வரும் சிறு கோடு) வளைவின்றி மெல்லிய கோடாக நேராக வெட்டி நிற்கும். டிடோ இன்னும் கூர்மை, கொஞ்சம் விறைப்பும்கூட. ஃபேஷன் இதழ்களின் பெரிய தலைப்புகளுக்கு அந்த விறைப்புதான் பொருந்துகிறது. ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் இதழுக்காக 1991இல் ஜோனதன் ஹெஃப்லர் வரைந்த டிடோவிலும் 6 முதல் 96 வரை ஏழு அளவு வடிவங்கள் உண்டு.

கேள்வி: ஆங்கில நாவல் முழுவதையும் போடோனியில் அமைக்கலாமா?

பதில்: அமைக்கலாம். 10 பாயின்ட் எழுத்துக்கு, ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 14 பாயின்ட் விடுங்கள். நெருக்கினால் தடித்த செங்குத்துக் கோடுகள் வேலிபோல் வரிசைகட்டிக் கண்ணைக் கூசவைக்கும். நியூஸ்பிரின்ட் தாள் என்றால் வேறு எழுத்துரு பாருங்கள்.