அரபு மொழிக்கும் நெருக்கடியா?

கேள்வி: 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்சிமொழி, 1973 முதல் ஐ.நா.வின் அதிகாரபூர்வ மொழி. அப்படிப்பட்ட அரபுக்கும் நெருக்கடி என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் அழிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் பேசும் அரபு ஒன்று, பள்ளியில் படிக்கும் அரபு இன்னொன்று. மொராக்கோவில் ஒரு குழந்தை அம்மாவிடம் பேசுவதற்கும் பாடப்புத்தகத்தில் இருப்பதற்கும் அவ்வளவு தூரம் என்பதால், முதல் வகுப்பிலேயே பாதி புது மொழியைக் கற்பதுபோல் ஆகிவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. அப்புறம் உயர்கல்வி. பெரும்பாலான அரபு நாடுகளில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான். முடியாததா என்ன? சிரியாவின் டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தை அரபிலேயே சொல்லித்தருகிறார்கள். கெய்ரோவில் 1932-இல் தொடங்கிய அரபு மொழிக்கழகம் கலைச்சொற்களை உருவாக்கியபடிதான் இருக்கிறது, ஆனால் பாடமே வேறு மொழியில் நடந்தால் அந்தச் சொற்களை யார் புழங்குவது?

இளைஞர்கள் ரோமன் எழுத்தில் அரபு எழுதி, அந்த எழுத்தில் இல்லாத ‘ஐன்’ ஒலிக்கு 3, ‘ஹா’வுக்கு 7 என்று போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அரபு எழுத்து வராத பழைய செல்பேசிகளில் வேறு வழி இல்லாமல் வந்த பழக்கம் அது.