டிக்டேஷன் கருவிகள்: மெழுகு உருளை முதல் மென்பொருள் வரை (கேள்வி பதில்)

கேள்வி: பாட்டுக் கேட்பதற்காக வந்த ஒலிப்பதிவுக் கருவியைத்தான் பிற்பாடு அலுவலக டிக்டேஷனுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்களா?

பதில்: நடந்தது இதற்கு நேர்மாறானது. 1877-இல் ஃபோனோகிராஃபை உருவாக்கிய எடிசன், சுருக்கெழுத்தர் இல்லாமலே கடிதங்களைச் சொல்லிப் பதிவு செய்வதைத்தான், மறு ஆண்டு வெளியிட்ட பயன்பாட்டுப் பட்டியலில் முதலில் வைத்தார். ஆனால் அவருடைய வெள்ளீயத் தாள் சில முறை கேட்டவுடனே தேய்ந்துபோனதால், மெழுகு பூசிய உருளைக்கு 1886-இல் சிச்செஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் டெயின்ட்டரும் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்த எண்ணம் அலுவலகங்களுக்குள் நுழைய முடிந்தது. இத்தகைய டிக்டேஷன் கருவிக்கு ‘டிக்டாஃபோன்’ என்ற வணிகப் பெயர் 1907-இல் வந்தது.

கேள்வி: மெழுகில் தவறாகச் சொல்லிவிட்டால் எப்படித் திருத்தினார்கள்?

பதில்: பதிந்ததை மாற்ற வழியில்லை. எந்த இடத்தில் திருத்தம் உள்ளது, கடிதம் எங்கே முடிகிறது என்பதை ஒரு காகிதச் சீட்டில் குறித்து உருளையோடு அனுப்புவார்கள். தட்டச்சர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குவார். வேலை முடிந்ததும் உருளையின் மேற்பரப்பைச் சீவி மறுபடியும் பயன்படுத்தினார்கள்.

1947-இல் டிக்டாஃபோன் நிறுவனம் அறிமுகப்படுத்திய டிக்டாபெல்ட் என்ற பிளாஸ்டிக் பட்டையிலும் பதிவை அழிக்க முடியாது. ஆனால் ஆவணமாகக் காக்க வேண்டிய இடங்களில் அதுவே சிறப்பாயிற்று. 1963-இல் கென்னடி சுடப்பட்ட நேரத்தின் டல்லஸ் காவல்துறை வானொலி உரையாடலைப் பல ஆண்டுகள் கழித்தும் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஆராய முடிந்ததற்கு அத்தகைய பட்டைப் பதிவே காரணம்.

கேள்வி: என் தந்தையின் வழக்கறிஞர் அலுவலகத்தில் மினி கேசட்டுகள் கிடைத்துள்ளன. மைக்ரோ கேசட் கருவியில் அவற்றைக் கேட்க முடியுமா?

பதில்: முடியாது, இரண்டும் அளவில் ஒத்திருந்தாலும் இயங்கும் விதம் வேறு. 1967-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த மினி கேசட்டில் சுருளின் அச்சே நாடாவை இழுக்கிறது. சுருள் பருக்கப் பருக்க நாடாவின் வேகம் கூடும் என்பதால் அது இசைக்கு உதவாது. இருப்பினும் பேச்சைக் கேட்பதற்கு அது போதுமானது. எளிய அமைப்பாகையால், ஒரு சொல்லைத் திரும்பக் கேட்க நாடாவைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கலாம். 1969-இல் ஒலிம்பஸ் வெளியிட்ட மைக்ரோ கேசட்டில் தனி உருளையொன்று நாடாவை நொடிக்கு 2.4 அல்லது 1.2 சென்டிமீட்டர் என்ற சீரான வேகத்தில் ஓட்டும். பரவலில் முந்தியது மைக்ரோதான். டிக்டேஷனுக்கு மினியே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. மினி கேசட்டுக்கென்றே செய்யப்பட்ட பழைய கருவியைத் தேடிப் பிடித்து, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் எம்பி3 பதிவு இருக்கும்போது டிஎஸ்எஸ் என்ற தனிக் கோப்பு வடிவம் எதற்கு?

பதில்: ஒலிம்பஸ், பிலிப்ஸ், கிருண்டிக் ஆகிய நிறுவனங்கள் 1990-களில் பேச்சுக்கென்றே வகுத்த வடிவம் அது. கோப்பு மிகச் சிறியது. பேசியவர் யார், அவசரமா என்ற விவரங்கள் கோப்பினுள்ளேயே இருக்கும். பதிவின் நடுவில் புதிய வாக்கியத்தைச் செருகலாம். அமெரிக்க மருத்துவர்களின் பேச்சைச் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து தட்டச்சு செய்த மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் துறையில் இருந்தவர்களுக்குச் சிறிய கோப்பின் அருமை தெரியும். பின்னர் வந்த டிஎஸ்2 வடிவம், பிறர் கேட்க முடியாதபடி பதிவைப் பூட்டும் மறையாக்க வசதியையும் சேர்த்தது.

கேள்வி: மென்பொருளே எழுதித் தரும்போது ரெக்கார்டர் இனி வேண்டுமா?

பதில்: இடைவிடாத பேச்சை எழுத்தாக்கும் டிராகன் மென்பொருள் 1997-லேயே வந்துவிட்டது, அதைப் பின்னாளில் வளர்த்த நுவான்ஸ் நிறுவனம் 2006-இல் டிக்டாஃபோனையே வாங்கியது. ஆகவே தனிக் கருவியின் தேவை குறைந்திருப்பது உண்மை. ஆயினும் ரெக்கார்டரில் கட்டைவிரலால் நகர்த்தும் பொத்தானும், வாயருகே நிலையாக இருக்கும் ஒலிவாங்கியும் நீண்ட அறிக்கை சொல்பவருக்குத் தரும் வசதியைக் கைப்பேசித் திரை தருவதில்லை. எதில் பதிந்தாலும், மருத்துவ அறிக்கையில் ஆங்கில ‘ஃபிஃப்டீன்’ என்பது ‘ஃபிஃப்டி’ என்று எழுதப்பட்டால் மருந்தின் அளவே மாறிவிடும் என்பதால், மருத்துவர் படித்துக் கையொப்பமிடும் வரையிலாவது ஒலிக்கோப்பை அழிக்காதீர்கள்.