பெயர்ப்பலகைக் கடையில் எட்சிங், என்கிரேவிங் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை, வேறு வேறு. என்கிரேவிங்கில் சுழலும் கட்டரோ லேசரோ எழுத்தை நேரடியாகச் செதுக்கும். எட்சிங்கில் செதுக்கலே கிடையாது. பித்தளைத் தகட்டில் எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைத்து, மற்றதைக் கரைசல் படாதபடி மூடிவிடுவார்கள். அப்புறம் ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், திறந்த இடத்தில் உலோகம் அரித்துப் பள்ளம் விழும்.

அந்தப் பள்ளத்தில் பெயின்ட் நிரப்புவதைத்தான் கலர் ஃபில்லிங் என்கிறார்கள். பெயின்ட் உதிர்ந்தாலும் எழுத்து அழியாது, மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். வெயிலும் மழையும் படும் வாசலுக்கு இப்படிப் பள்ளம் விழுந்த எழுத்துதான் சரி. வினைல் வெறும் ஸ்டிக்கர், நாளடைவில் ஓரம் எழும்பிவிடும்.

ஒளி ஊடுருவும் அக்ரிலிக் என்றால் 'ரிவர்ஸ் என்கிரேவிங்' கேளுங்கள். எழுத்தைப் பின்பக்கத்தில் இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். முன்பக்கம் வழவழப்பாக இருப்பதால் எழுத்தில் தூசி அடையாது.